குறைந்த விலைத் துப்பாக்கிகளை நிறுவனங்கள் எப்படி உருவாக்கி விற்கின்றன?

கேள்வி: ஆயிரம் டாலருக்குத் துப்பாக்கி விற்கும் அதே சந்தையில், சில நிறுவனங்கள் மட்டும் இருநூறு முந்நூறு டாலருக்கு எப்படிக் கொடுக்கின்றன? மட்டமான உலோகம் போடுகிறார்களா, வேறு ஏதாவது வழி இருக்கிறதா?

உலோகத்தில் மிச்சம் பிடிப்பது கொஞ்சம்தான். ஒரு கைத்துப்பாக்கியில் இருக்கும் மொத்த உலோகமே பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டாது. அதைக் கடைந்து, குடைந்து, தேய்த்து, ஒன்றோடொன்று பொருத்தும் நேரத்துக்குத்தான் காசு போகிறது. டை காஸ்டிங் அச்சு, அதாவது உருக்கிய உலோகத்தை அழுத்தத்தோடு செலுத்தி வார்க்கும் எஃகு அச்சு, வடிவமைப்பது என் வேலை. துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்ததில்லை, ஆனால் ஒரு பாகத்தை இன்னும் மலிவாக எப்படிச் செய்வது என்று தினமும் மண்டையை உடைத்துக்கொள்கிறவன் என்பதால் இந்தத் துறையின் வரலாற்றைத் தேடித் தேடிப் படிப்பேன். அமெரிக்க நிறுவனங்களை வைத்தே சொல்கிறேன், பொதுமக்களுக்குத் துப்பாக்கி விற்கும் மிகப் பெரிய சந்தை அங்கேதான் இருக்கிறது.

1949-ல் வில்லியம் ரூகரும் அலெக்ஸாண்டர் ஸ்டர்மும் 50,000 டாலர் முதலீட்டில் கனெக்டிகட்டில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். முதல் தயாரிப்பு ஒரு .22 பிஸ்டல், விலை 37.50 டாலர். அந்தக் காலத்தில் பிஸ்டலின் உடலை எஃகுக் கட்டியிலிருந்து மில்லிங் செய்து, அதாவது சுழலும் வெட்டுக்கருவியால் குடைந்து, எடுப்பதுதான் வழக்கம். ரூகர் கைப்பிடிச் சட்டத்தை உலோகத் தகட்டில் இரண்டு பாதிகளாக அழுத்தி உருவாக்கி, நடுவில் வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டார். மேல் பாகம் வெறும் உருளைக் குழாய், அதற்குள் ஓடும் போல்ட்டும் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) உருளை. இரண்டையும் லேத்தில் மடமடவென்று கடைந்துவிடலாம். விலையை முதலில் முடிவு செய்து, அதற்குள் அடங்குகிற வடிவத்தைப் பிறகு தேடினால் வரைபடம் இப்படித்தான் வரும். பின்னாளில் அதே நிறுவனம் மெழுகு வார்ப்பில் (மெழுகு மாதிரியைச் சுற்றி அச்சு எழுப்பி உலோகம் ஊற்றும் முறை) பெரிய ஆளாகிவிட்டது. கோல்ஃப் மட்டைகளுக்கு டைட்டானியத் தலை வார்த்துக் கொடுக்கும் அளவுக்கு அவர்களின் வார்ப்பாலை வளர்ந்தது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சாவேஜ் நிறுவனத்தின் 110 ரைஃபிள். 1958-ல் நிக்கோலஸ் புரூவர் வடிவமைத்தது. விலை 109.95 டாலர், அதை வைத்தே 110 என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ரைஃபிளில் தோட்டா உட்காரும் இடத்துக்கும் அதைப் பின்னாலிருந்து தாங்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே உள்ள அளவு மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். கூடினால் தோட்டாவின் பித்தளை உறை கிழிந்து சூடான வாயு பின்னால் பீறிடலாம். குறைந்தால் போல்ட் மூடாது. வழக்கமான ரைஃபிளில் இந்த அளவைக் கொண்டுவர, கைதேர்ந்த ஒருவர் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் குழலைத் திருகி, பார்த்து, கழற்றி, கொஞ்சம் கடைந்து, மறுபடி திருகிக்கொண்டிருப்பார்.

புரூவர் குழலின் மரையில் ஒரு பெரிய நட்டைக் கூடுதலாகச் சேர்த்தார். அவ்வளவுதான். தோட்டா உட்காரும் அந்த இடத்துக்குள் (சேம்பர்) அளவுக்கட்டையை வைத்து, போல்ட்டை மூடி, குழல் அதில் போய் முட்டும் வரை கையால் திருகி, நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. பல வருட அனுபவமுள்ள ஒருவரின் கைப்பக்குவம் அந்த நட்டுக்குள் போய்விட்டது. போல்ட்டின் தலையையும் தனிப் பாகமாக்கி ஊசியால் கோத்தார். அதனால் தலை லேசாக அசைந்து தானே சரியாக உட்காரும், தோட்டா வகை மாறினால் தலையை மட்டும் மாற்றினால் போதும். இத்தனை சிக்கனம் செய்தும் அந்த ரைஃபிள் குறி தவறாது என்று பேர் வாங்கியது. 1988-ல் நிறுவனம் திவாலாகித் தடுமாறியபோது, மற்ற மாடல்களை ஓரங்கட்டிவிட்டு இந்த ஒன்றை நம்பித்தான் மீண்டு எழுந்தது. வடிவமைப்பாளனாக இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இப்போது உங்கள் கேள்வியின் மட்டமான உலோகத்துக்கு வருகிறேன். ஓஹாயோவின் ஹை-பாயின்ட் பிஸ்டல்களைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். அவற்றின் ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகம், துத்தநாகக் கலவை வார்ப்பு. என் தொழிலில் இது அன்றாடப் பொருள். 400 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே உருகிவிடும், அச்சுக்குள் பாய்ந்த சில நொடிகளில் உறைந்துவிடும், அதே அச்சு லட்சக்கணக்கான முறை உழைக்கும். எஃகு ஸ்லைடை மில்லிங் செய்யும் நேரத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. குழல் மட்டும் எஃகுதான்.

இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பெரும்பாலான 9 மி.மீ. பிஸ்டல்களில் அழுத்தம் இறங்கும் வரை குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பூட்டுக்கு நுணுக்கமான வேலைப்பாடு வேண்டும். ஹை-பாயின்ட்டில் பூட்டே கிடையாது, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் பின்னோக்கி வரும் விசையைத் தாங்கி நிற்கின்றன. எடை தேவைப்படுகிற இடத்தில் பருமனான துத்தநாக வார்ப்பு சரியான தேர்வு. இதற்கு விலையாக, பாலிமர் சட்டம் போட்டும் அவர்களின் சிறிய பிஸ்டல் சுமார் 800 கிராம் கனக்கிறது, பார்க்கவும் தடிமனாக இருக்கிறது. குழலைத் தொடாமல் அழகையும் எடையையும் விட்டுக்கொடுத்தது நேர்மையான சிக்கனம் என்றுதான் சொல்வேன். இல்லினாய் மாநிலத்தில் 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உருகும் உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கிகளை டீலர்கள் விற்கக் கூடாது என்று சட்டம் இருப்பதால் இந்த வகை அங்கே கடைக்கு வராது.

இன்னொரு வழி, தன் பொருளுக்குத் தானே மலிவான தம்பி ஒன்றை இறக்குவது. மாஸ்பெர்க் நிறுவனத்தின் 500 ஷாட்கனுக்கு மேவரிக் 88 அப்படி வந்தது. உள்பாகங்கள் நிறைய ஒத்துப்போகும். 500-ல் மேலே கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கும் பாதுகாப்பு விசை, 88-ல் ட்ரிகர் பக்கத்தில் குறுக்காகத் தள்ளும் எளிய பொத்தானாகிவிட்டது. மெருகும் வகைகளும் குறைவு. வேறு பெயரில் விற்பதால் மூத்த மாடலின் விலை அடிபடாது.

சரி, விற்பனை. அமெரிக்காவில் துப்பாக்கி வழக்கமாகத் தொழிற்சாலையிலிருந்து மொத்த விநியோகஸ்தருக்கும், அவரிடமிருந்து மத்திய அரசின் உரிமம் பெற்ற டீலருக்கும், பிறகு வாடிக்கையாளருக்கும் போகிறது. டீலர் படிவம் எழுதி வாங்கி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகே கையில் கொடுக்க வேண்டும். இதற்கு முன்பாகவே உற்பத்தியாளர் கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதமும் நீளத் துப்பாக்கிக்கு 11 சதவீதமும் மத்திய வரி கட்டியாக வேண்டும். ஆக, இருநூறு டாலர் பொருளில் வரியும் இரண்டு கைகளின் லாபமும் போனால் தொழிற்சாலைக்கு மிஞ்சுவது கொஞ்சம். மலிவுத் துப்பாக்கி செய்கிறவர் எண்ணிக்கையில்தான் பிழைக்க முடியும்.

சவுத் கரோலினாவின் பல்மெட்டோ ஸ்டேட் ஆர்மரி இந்தச் சங்கிலியையே சுருக்கிவிட்டது. தானே தயாரித்து, தன் இணையதளத்திலும் சொந்தக் கடைகளிலும் விற்கிறது. இணையத்தில் வாங்கினாலும் துப்பாக்கி உங்கள் ஊர் டீலருக்குத்தான் வரும், சோதனையும் உண்டு, ஆனால் நடுவில் மொத்த வியாபாரி இல்லை. அவர்களின் டேகர் பிஸ்டல், காப்புரிமைக் காலம் முடிந்த பழைய தலைமுறை க்ளாக்கின் (ஆஸ்திரிய நிறுவனமான க்ளாக்கின் பிரபலமான பிஸ்டல்) அமைப்பைப் பின்பற்றி 300 டாலருக்குள் வந்தது. புதிதாக ஆராய்ச்சி செய்யும் செலவு மிச்சம், மேகஸின் (தோட்டா அடுக்கும் பெட்டி), துப்பாக்கியை வைக்கும் உறை எல்லாம் ஏற்கெனவே சந்தையில் கிடைப்பதும் வசதி.

ஹை-பாயின்ட்டின் வியாபார பலம் வாழ்நாள் உத்தரவாதம். நாலாவது கை மாறி வந்த பிஸ்டலானாலும் சரிசெய்து கொடுக்கிறார்கள். விலை குறைந்த பொருளை நம்பலாமா என்று தயங்குகிறவருக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. 2019-ல் புதிய பிஸ்டலுக்குப் பெயர் வைக்கும் வேலையை இணையத்தில் மக்களிடமே விட்டார்கள். ‘யீட் கேனன்’ (இணையக் கொச்சையில் ‘வீசியெறியும் பீரங்கி’ மாதிரி) என்ற பெயர் பரவிய வேகத்துக்குக் காசு கொடுத்து விளம்பரம் செய்திருந்தால் பெருந்தொகை ஆகியிருக்கும்.

எந்தச் சிக்கனம் மன்னிக்க முடியாதது என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மலிவான சிறு பிஸ்டல்களின் இறக்குமதியைத் தடுத்தது. உள்நாட்டில் செய்யத் தடை இல்லை. அந்த இடைவெளியில் லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி ரேவன், டேவிஸ், லோர்சின், பிரைகோ என்று சிறு நிறுவனங்கள் முளைத்தன. பிரைகோவின் ஒரு மாடலில் பாதுகாப்பு விசை போட்டிருந்தால் ஸ்லைடு நகராது. அதாவது உள்ளே இருக்கும் தோட்டாவை எடுக்க வேண்டுமென்றால் முதலில் பாதுகாப்பையே விலக்க வேண்டும். 1994-ல் ஒருவர் அப்படித் தோட்டாவை எடுக்க முயன்றபோது குண்டு பாய்ந்து, ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனான். கையாளுகிறவர் பாதுகாப்பாக இருக்க முயலும் அந்த நொடியிலேயே ஆபத்தை வைத்திருக்கும் ஒரு வரைபடத்தை எந்த விலைக் காரணத்தாலும் என்னால் ஏற்க முடியாது. 2003-ல் ஜூரி வழங்கிய தீர்ப்பில், நிறுவனத்தின் தரப்பு தர வேண்டிய பங்கு மட்டும் சுமார் 2.4 கோடி டாலர். பிரைகோ திவால் மனு கொடுத்தது. ஏலத்துக்கு வந்த தொழிற்சாலைச் சொத்துகளை வாங்கித் துப்பாக்கிகளை உருக்கிவிட, இளைஞனாக வளர்ந்திருந்த அதே சிறுவன் ஆட்களிடம் நிதி திரட்டிக் கேட்டுப் பார்த்தான். முன்பு அங்கே ஃபோர்மேனாக இருந்தவர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு எடுத்துவிட்டார். உற்பத்தி நெவாடாவுக்கு இடம் மாறி, புதிய பெயரில் 2020-ல் அதுவும் திவாலாகும் வரை ஓடியது.