காரின் இன்ஜெக்டரில் அடைப்பா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பெட்ரோல் கார்களின் இன்ஜெக்டர் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என்னுடைய பெட்ரோல் கார் 2014ஆம் ஆண்டு மாடல். 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் நடுக்கம் தெரிகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்கிய பிறகுதான் பிக்கப் வருகிறது. நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். பானட்டைக்கூடத் திறக்காமல் இதை எப்படிச் சொல்ல முடியும்?
— வாசகர், மதுரை

பதில்: சொல்ல முடியாது. தங்கள் சந்தேகம் முற்றிலும் நியாயமானது.

இன்ஜெக்டர் என்பது மின்காந்தச் சுருளால் திறந்து மூடும் ஒரு சிறிய வால்வு. தங்கள் கார் போன்றவற்றில் அது ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் வரும் பெட்ரோலை, மிக நுண்ணிய துளைகள் வழியாக, இன்டேக் வால்வின் பின்புறத்தில் புகைபோலத் தெளிக்கிறது. ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) ஒவ்வொரு முறையும் அது திறந்திருப்பது சில மில்லி விநாடிகள்தான். அவ்வளவு குறைந்த நேரத்தில் அளந்து விட வேண்டியிருப்பதால், துளையின் விளிம்பில் மெல்லிய படலம் படிந்தால்கூட அளவு குறைகிறது. தெளிப்பும் கெட்டு, பெட்ரோல் துளிகளாக விழுந்து அரைகுறையாக எரிகிறது. தாங்கள் எழுதியிருக்கும் நடுக்கமும் தயக்கமும் இதனால் வரக்கூடியவையே.

ஆனால் தேய்ந்த ஸ்பார்க் பிளக், பலவீனமான இக்னிஷன் காயில், கரி படிந்த த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பகுதி), விரிசல் விட்ட வேக்குவம் குழாய், அழுத்தம் தராத பெட்ரோல் பம்ப் ஆகிய ஒவ்வொன்றும் இதே நடுக்கத்தையும் இதே தயக்கத்தையும் தரும். ஆகவே செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவதே முறை. பிளக்குகளைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்பதைப் பாருங்கள்; த்ராட்டில் பாடியைத் துடைத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்; ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் மிஸ்ஸிங் (மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) நிற்கவில்லை என்றால் ஸ்கேனரைச் செருகிப் பார்க்க வேண்டும். உதாரணமாக, பி0302 என்ற கோடு வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று பொருள். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள காராக இருந்தால், இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். மிஸ்ஃபயரும் கூடவே மூன்றாவதற்குப் போனால் பழுது காயிலில்தான். போகவில்லை என்றால் பிளக்கை அதே போல மாற்றிப் பார்க்க வேண்டும். அதுவும் இடம் மாறாமல் இரண்டாவதிலேயே நின்றால்தான் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் மீது சந்தேகம் திரும்புகிறது. அப்போதும் கம்ப்ரஷனை (சிலிண்டர் காற்றை அழுத்தும் திறனை) பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

ஸ்கேனரில் இன்னொரு தகவலும் உண்டு. பெரும்பாலானோர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. எரிந்த புகையில் மீந்திருக்கும் ஆக்ஸிஜனைப் பார்த்து, பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறோம் என்று எஞ்சினை நிர்வகிக்கும் கணினியான இ.சி.யு. வைத்திருக்கும் கணக்கு அது; ஃபியூவல் ட்ரிம் என்பார்கள். பூஜ்யத்திலிருந்து பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. ஐடிலில் இருபது சதவீதம் வரை கூட்டிக்கொண்டிருந்து, 2,500 ஆர்.பி.எம்.மில் இயல்புக்கு இறங்கினால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறது. வேகமும் சுமையும் ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் வரத்து போதவில்லை. அப்போது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்து தரும் குழாயான ஃபியூவல் ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும்; அழுத்தம் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவில் இருந்து, வரத்து மட்டும் குறைந்தால், அப்போது இன்ஜெக்டரைக் கழற்றுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

கழற்றிய நான்கு பிளக்குகளையும் ஒரு வெள்ளைத் தாளில் சிலிண்டர் வரிசைப்படி வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு இன்ஜெக்டர் அடைத்திருந்தால் அந்த பிளக்கின் முனை வெளுத்திருக்க, மற்ற மூன்றும் சற்றே கறுத்திருப்பதைப் பல கார்களில் கண்டிருக்கிறேன். நான்கு சிலிண்டர்களின் புகையையும் சேர்த்துத்தான் ஆக்ஸிஜன் சென்ஸார் பார்க்கிறது என்பதால், ஒன்றில் உள்ள குறையை ஈடுகட்ட இ.சி.யு. நான்குக்குமே பெட்ரோலைக் கூட்டிவிடுகிறது. நல்ல மூன்றும் தேவைக்கு மேல் குடிக்கின்றன. அடைப்பினால் பெட்ரோல் மிச்சமாகாமல் மைலேஜ் விழுவதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: நான் ஓய்வு பெற்றவன். கார் கோயிலுக்கும் காய்கறிக் கடைக்குமாக, ஒரு நடைக்கு இரண்டு கி.மீ.க்கு மேல் ஓடுவதில்லை. இவ்வளவு குறைவாக ஓடும் காருக்கு அடைப்பு வர வாய்ப்பில்லை அல்லவா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஐயா. எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் வழியே பாயும் பெட்ரோலே அதைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பி நிறுத்தியதும் அந்தப் பாய்ச்சல் நின்றுவிடுகிறது. சிலிண்டர் ஹெட்டில் தேங்கிய சூடு மெல்ல முனைக்கு ஏறுகிறது. முனையில் ஒட்டியிருக்கும் ஈரத்தில் லேசான பகுதி ஆவியாகிப் போக, கனமான பகுதி, வெல்லப்பாகு பாத்திர விளிம்பில் காய்வதுபோல, வார்னிஷ் படலமாக இறுகுகிறது. ஆக, படலம் படிவது பெரும்பாலும் ஓடும்போது அல்ல, சூட்டோடு நிறுத்திய பிறகுதான். ஒரு காலைப் பொழுதில் நான்கு இடங்களில் நிறுத்தி எடுக்கும் கார், ஒரே மூச்சில் சென்னை போய்வரும் காரைவிட இதற்கு அதிகம் ஆளாகிறது. மாதத்தில் ஓரிரு முறையாவது தஞ்சாவூர் வரை சென்று வாருங்கள். டேங்கில் மாதக்கணக்கில் பழைய பெட்ரோல் தங்கவும் விடாதீர்கள். நின்ற பெட்ரோல் காற்றோடு சேர்ந்து தானாகவே பிசினாகும்.

கேள்வி: கார் வாங்கியதிலிருந்து சி.என்.ஜி.யில்தான் ஓட்டுகிறேன். கடந்த வாரம் பங்க்கில் கேஸ் கிடைக்காமல் பெட்ரோலுக்கு மாற்றியபோது வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றுவிட்டது. பெட்ரோலை உபயோகிக்கவே இல்லையே, எப்படிக் கெடும்?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உபயோகிக்காததால்தான். மேலே சொன்ன சூடு தங்கள் காரின் பெட்ரோல் இன்ஜெக்டர்களுக்கு நாள் முழுவதும் கிடைக்கிறது. அதைக் குளிர்விக்கும் பாய்ச்சல் மட்டும் இல்லை. டேங்கின் அடியில் கிடக்கும் கொஞ்சம் பெட்ரோலும் மாதக்கணக்கில் பழையது. அதை வடித்துவிட்டுப் புதிதாகப் பத்து லிட்டராவது போட்டு ஓட்டிப் பாருங்கள். பல கார்களில் இதிலேயே குணம் தெரியும். இனிமேல் வாரத்தில் ஒரு நாள், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, பதினைந்து இருபது கி.மீ. பெட்ரோலில் ஓட்டும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் விளக்கு எரியும் அளவுக்குப் பெட்ரோலை வற்றவிடுவது டேங்கினுள் உள்ள பம்ப்புக்கும் கெடுதல், ஏனெனில் அதையும் பெட்ரோல்தான் குளிர்விக்கிறது.

கேள்வி: டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில்களால் பலன் உண்டா? விலை கூடிய பெட்ரோல் போட்டால் சுத்தமாகுமா? எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்ததற்கும் இன்ஜெக்டர்தான் காரணமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: லேசான படிவுக்குப் பலன் உண்டு. பாலிஈதர்அமீன் என்ற சேர்மம் உள்ள பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். முனையில் இறுகிய படலத்தைக் கரைப்பதில் நன்கு சோதிக்கப்பட்டது அது. பாட்டிலில் எழுதியுள்ள அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஊற்றிய பிறகு உள்ளூரில் நிறுத்தி நிறுத்தி ஓட்டாமல், அந்த டேங்கை நெடுஞ்சாலையில் ஓட்டித் தீர்ப்பது நல்லது. முழுதாக அடைத்துப்போன இன்ஜெக்டருக்கு இது உதவாது, ஏனெனில் மருந்து உள்ளே போகவே வழி இருக்காது. மண்ணெண்ணெயோ பெயிண்ட் தின்னரோ கலந்து ஊற்றும் கைவைத்தியத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ரப்பர் வளையங்களும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் பாழாகும்.

விலை கூடிய பெட்ரோலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆக்டேன் எண் என்பது எஞ்சினில் நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிப்பது) வராமல் தாங்கும் திறனைச் சொல்வது. அதற்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. சுத்தம் செய்வது அதில் கலந்துள்ள டிடர்ஜென்ட். 1980களில் அமெரிக்காவில் இவ்வகை இன்ஜெக்டர்கள் பரவியபோது இந்த அடைப்புப் பிரச்சினை பெரிதாக எழுந்தது. 1995 முதல் அங்கே பெட்ரோல் முழுவதிலும் டிடர்ஜென்ட் கட்டாயமாக்கப்பட்டது. படிந்ததை எடுப்பதைவிடப் படியாமல் காப்பதே அதன் முதல் வேலை.

மைலேஜ் குறைவுக்கு உடனே இன்ஜெக்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் கிடைக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்த எரிபொருளில் மைலேஜ் ஓரளவு குறைந்தே தீரும். நடுக்கமும் மிஸ்ஸிங்கும் இல்லாமல் மைலேஜ் மட்டும் சற்றுக் குறைந்திருந்தால் இன்ஜெக்டரைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: கழற்றிச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், சரியாகச் செய்தார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், புதுச்சேரி

பதில்: பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள். இதற்கான டெஸ்ட் பெஞ்சில் நான்கு இன்ஜெக்டர்களையும் வரிசையாக மாட்டி, கீழே அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்களை வைத்திருப்பார்கள். என்னிடம் வந்த ஒரு காரில், பதினைந்து விநாடி திறந்துவிட்டபோது குழாய்களில் 42, 41, 31, 42 மில்லி என்று நின்றது. மூன்றாவது இன்ஜெக்டரில் மட்டும் தெளிப்பு கூம்பாக விரியாமல், ஒரு பக்கமாக நூல்போல வழிந்துகொண்டிருந்தது. அல்ட்ராசோனிக் தொட்டியில், ஊசி திறந்து மூடியபடி இருக்க, அரை மணி நேரம் வைத்து எடுத்த பிறகு அதே குழாயில் 41 வந்தது. சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த இந்த நான்கு எண்களைக் கேட்டு வாங்குங்கள். முன்பே நான்கும் சமமாக இருந்தால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. சுத்தம் செய்யும் கூலியைத் தர வேண்டியதில்லை, சோதனைக் கூலி போதும்.

மூடிய நிலையில் முழு அழுத்தம் கொடுத்து, முனையில் சொட்டு நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சூடாக நிறுத்திய கார் பெட்ரோல் வாடையோடு திரும்ப ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவதற்கு இந்தச் சொட்டு ஒரு காரணம். இன்ஜெக்டரின் தலைப்பக்கத்தில் உள்ள குட்டி வலை ஃபில்டரையும், மேலும் கீழும் உள்ள ஓ-ரிங்குகளையும் புதிதாகவே போட வேண்டும். பழைய ஓ-ரிங்கைத் திரும்ப மாட்டி, ரெயிலில் கசிந்து தீப்பிடிக்கும் அபாயத்தை யாரும் ஏற்கக் கூடாது. சுருளின் மின்தடை கையேட்டில் உள்ள அளவில் இல்லை என்றால் எவ்வளவு சுத்தம் செய்தாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: என்னுடையது டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார். இதே முறைகள் பொருந்துமா? நானே கழற்றிப் பார்க்கலாமா?
— வாசகர், ஓசூர்

பதில்: கழற்ற வேண்டாம். தங்கள் காரில் இன்ஜெக்டர் எரியறைக்குள்ளேயே தெளிக்கிறது. ரெயிலில் உள்ள அழுத்தம் 3 பார் அல்ல, 200 பாரையும் தாண்டக்கூடியது. அந்த அழுத்தத்தில் பீறிடும் பெட்ரோல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். முனையில் உள்ள டெஃப்லான் சீலைப் புதிதாகப் பொருத்தவும் தனிக் கருவி தேவை. டேங்கில் ஊற்றும் கிளீனர் தங்கள் இன்ஜெக்டர் முனையைச் சென்றடையும். ஆனால் இன்டேக் வால்வின் பின்புறத்தைப் பெட்ரோல் தொடுவதே இல்லை என்பதால் அங்கே படியும் கரியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மிஸ்ஃபயர் இருக்கிறது என்றால், இன்டேக் மேனிஃபோல்டு வழியே போர்ஸ்கோப் கேமராவை விட்டு அந்த வால்வுகளை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.