500 வாட்ஸ் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போட்டா 200 வாட்ஸ் ஸ்பீக்கர் எரிஞ்சிடுமா?

உடனே எரியாது ப்ரோ. ஆடி மாசம் கூழ் ஊத்துறப்போ வியாசர்பாடில மைக் செட் அண்ணன்கிட்ட பசங்க கேக்குற அதே கேள்விதான் இது. ஆம்ப் மேல போட்டிருக்கிற 500 அப்படியே ஸ்பீக்கருக்கு போறதில்ல, ஆம்ப் குடுக்குறது வோல்டேஜ், ஸ்பீக்கர் தன்னோட ஓம்ஸுக்கு, அதாவது கரண்ட்ட தடுக்குற அளவுக்கு, ஏத்த கரண்ட்ட இழுத்துக்கும், வோல்டேஜ வோல்டேஜாலயே பெருக்கி ஓம்ஸால வகுத்தா வாட்ஸ். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்ல 20 வோல்ட் வந்தா 50 வாட்ஸ், 40 வோல்ட் வந்தா 200.

அதுவும் பாட்டு எப்பவும் உச்சத்துலயே நிக்காது, டிரம்ஸ் அடி விழுற அந்த நொடி மட்டும் எகிறும், அதனால சவுண்டு உடையாம ஃபுல்லா வெச்சாலும் சராசரியா போறது பெரும்பாலும் பத்துல ஒரு பங்குதான். 500 வாட்ஸ் ஆம்ப்னா சுமார் 50.

உண்மையான வில்லன் கிளிப்பிங். சின்ன ஆம்ப்ப முறுக்கி கரகரன்னு ஓட்டினா அலையோட தலை வெட்டுப்பட்டு சராசரி பவர் ஏறிடும், மொதல்ல போறது ட்வீட்டர், அதாவது கீச்சு சவுண்டு குடுக்குற சின்ன ஸ்பீக்கர். பெரிய ஆம்ப்பயும் அப்படி ஓட்டினா ஸ்பீக்கருக்குள்ள இருக்குற கம்பிச்சுருள் (காயில்) கருகிடும், அது வேற.

ஒயர யாரும் கண்டுக்கிறதே இல்ல. 0.75 ஸ்கொயர் எம்எம் ஒயர்ல 100 அடி இழுத்தா போக வர சேர்த்து கிட்டத்தட்ட 1.5 ஓம்ஸ், 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு வர வேண்டிய பவர்ல கிட்டத்தட்ட 30 சதவீதம் கொறஞ்சிடும். சென்னை எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டான ரிச்சி ஸ்ட்ரீட் போனா 2.5 ஒயரா கேட்டு வாங்குங்க.

அளந்து பாக்கணும்னா 50 ஹெர்ட்ஸ் டோன கம்மி வால்யூம்ல ஓட்டி, மல்டிமீட்டர ஏசில வெச்சு, ஸ்பீக்கர் முனைல எத்தனை வோல்ட் வருதுன்னு பாருங்க, மேல சொன்ன கணக்குல போட்டா வாட்ஸ் தெரிஞ்சிடும்.