தாவர அச்சும் கையெழுத்தும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மா மறைந்த பிறகு, இரும்பு உப்பு பூசிய தாளில் வெயிலால் நீல நிறப் படம் பதிக்கும் சயனோடைப் முறையில் அச்சிடக் கற்றுக்கொண்டேன். அவர் வளர்த்த செடிகளின் இலைகளையும், அவருடைய கடிதங்களைக் கணினியில் நகலெடுத்து ஒளிபுகும் தாளில் அச்சிட்ட வரிகளையும் சேர்த்து வெயிலில் வைக்கிறேன். படங்கள் அழகாக வருகின்றன, பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள். ஆனால் அவை வாழ்த்து அட்டைகளைப் போலிருக்கின்றன. என் துக்கம் அவற்றில் இல்லை. இந்தக் கலையால் உணர்ச்சியைச் சொல்ல முடியுமா?

க.

அன்புள்ள க.,

முடியும். தாவரமும் கையெழுத்தும் இந்தக் கலையில் தொடக்கத்திலேயே சேர்ந்துவிட்டன. ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-இல் சயனோடைப் முறையைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் பிரிட்டனின் கடற்பாசிகளை அம்முறையில் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். படங்களோடு அவற்றுக்கான எழுத்தையும் தம் கையாலேயே எழுதி அதே நீலத்தில் அச்சிட்டார். அறிவியலுக்காகச் செய்யப்பட்ட அந்தப் பக்கங்கள் இன்றும் மனதைத் தொடுகின்றன என்றால், அந்தப் பாசி அந்தத் தாளின்மேல் உண்மையாகவே கிடந்தது என்பதை நாம் உணர்வதே காரணம் என்று நினைக்கிறேன்.

உங்கள் படங்களில் இலைக்கு அந்தத் தொடுகை கிடைத்திருக்கிறது, எழுத்துக்குக் கிடைக்கவில்லை. தெளிவுக்காகக் கருமையைக் கூட்டி எடுக்கும் கணினி நகலில், பேனா அழுந்திய இடமும் மை மெலிந்த இடமும் ஒன்றாகிவிடுகின்றன. சாம்பல் நிற வேறுபாடுகள் அழியாதபடி நகலெடுங்கள். எந்த வரியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பாசத்தை நேராகச் சொல்லும் வரிகள் எந்தத் தாயின் கடிதத்திலும் இருக்கக்கூடியவை. அவர் ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறொன்றை எழுதிய இடமும், தாளில் இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதிய வரியும் அவருக்கு மட்டுமே உரியவை. இலையிலும் அப்படித்தான்: குறையற்ற இலையைத் தேடாமல், பூச்சி அரித்ததையும் காய்ந்து சுருண்டதையும் வைத்துப் பாருங்கள்.

ஆனால் இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. படத்தில் அம்மாவின் செடி இருக்கிறது, அம்மாவின் எழுத்து இருக்கிறது. துக்கப்படுகிற நீங்கள் எங்கும் இல்லை. அவருடைய கடிதத்துக்கு நீங்கள் அனுப்பாத பதிலை, ஒளிபுகும் தாளில் அடர்ந்த கறுப்பு மையால் உங்கள் கையாலேயே எழுதுங்கள். புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாற்றமடைந்து பிரஷ்யன் நீலம் என்ற நிறமி உண்டாகிறது. மறைக்கப்பட்ட இடத்தில் உப்பு நீரில் கரைந்து வெளியேறி, தாளின் வெண்மை எஞ்சுகிறது. ஆகவே ஒரே இடத்தில் வரிக்குமேல் வரியாக நீங்கள் எழுதிக்கொண்டே போனால், எழுத்துகள் ஒன்றோடொன்று மூடி அங்கே வெள்ளைத் திட்டு ஒன்று உருவாகும். அதிகமாகச் சொன்ன இடமே யாராலும் படிக்க முடியாத இடமாகிவிடும். துக்கத்துக்கு இது பொருத்தமான வடிவம் என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் சொன்னதை வெளிப்படுத்தாமலே, சொல்லப்பட்டது என்பதை அது காட்டுகிறது. மை உள்ள பக்கம் அச்சுத்தாளைத் தொடும்படி வைத்தால் கோடுகள் கூர்மையாக வரும், ஆனால் எழுத்து இடம்வலமாகத் திரும்பிவிடும். மேல்நோக்கி வைத்தால் படிக்கலாம், ஓரங்கள் சற்றே மங்கும். எது வேண்டுமென்பதை உங்கள் மனம்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஹெர்ஷல் அதே 1842-இல் எழுதிய இன்னொரு முறையையும், ஆந்தோடைப்பையும், முயலுங்கள். அம்மாவின் செடியிலிருந்தே இலையையோ பூவையோ அரைத்துப் பிழிந்த சாற்றைத் தாளில் பூசி, எழுத்தை மேலே வைத்துப் பல நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில், வெயிலில் விட வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழ்: வெளிச்சம் பட்ட இடம் வெளுக்கிறது, எழுத்து அந்தச் செடியின் நிறத்திலேயே நிற்கிறது. ஆனால் இதை நிலைநிறுத்த வழியில்லை. பார்க்க உதவும் ஒளியே படத்தைச் சிறிது சிறிதாக அழிக்கும். சயனோடைப்போ ஒளியில் மங்கினாலும், இருட்டில் வைத்தால் பெருமளவு மீளக்கூடியது. இந்த இரண்டில் உங்கள் துக்கம் எதைப் போன்றது என்று யோசித்து முறையைத் தேர்ந்தெடுங்கள். நிறத்தைப் பழுப்பாக்கினால் சோகம் வந்துவிடும் என்று தேநீரில் தோய்ப்பவர்களின் வழி வேண்டாம்.

நான் சொன்னதைக் கேட்டு, அசல் கடிதத்தையே அச்சுத்தாளின்மேல் வைக்கத் தோன்றலாம். வைக்காதீர்கள். பூச்சின் ஈரம் பட்டால் கறை படியும், வெயிலில் மை வெளுக்கும்.