குளிர்கால ஒலிம்பிக்கில் தனி ஒருவர் செய்த மிகப் பெரிய சாதனை எது?

என்னைக் கேட்டால், 1980-ல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் எரிக் ஹைடன் செய்ததுதான். ஸ்பீட் ஸ்கேட்டிங்கில், அதாவது பனித்தளத்தில் சறுக்கி ஓடும் பந்தயத்தில், ஆண்களுக்கு அப்போது இருந்தவை ஐந்து பந்தயங்கள்: 500, 1000, 1500, 5000, 10,000 மீட்டர். ஐந்திலும் தங்கம், ஐந்திலும் ஒலிம்பிக் சாதனை. எல்லாம் ஒன்பதே நாட்களில், 21 வயதில்.

பதக்கங்களை மட்டும் எண்ணினால் நார்வேயின் பனிச்சறுக்கு வீராங்கனை மாரிட் பியோர்கன் எங்கோ உயரத்தில் இருக்கிறார்: 8 தங்கம் உட்பட 15. அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஹைடன் வென்ற தூரங்களைப் பாருங்கள். 500 மீட்டரை 38.03 விநாடியில் முடித்தார். 10,000 மீட்டருக்கு ஆனது 14 நிமிடம் 28 விநாடி. இந்த நேரக் கணக்கை ஓட்டப்பந்தயத்துக்குக் கொண்டுபோனால், 400 மீட்டரில் ஜெயித்தவரே 5000 மீட்டரிலும் ஜெயிப்பது மாதிரி! ஸ்கேட்டிங்கில் 500 மீட்டருக்குச் சட்டென்று பாய்ந்து கிளம்பும் பலம் வேண்டும். 10,000 மீட்டருக்கு முதுகை வளைத்து, முழங்காலை மடக்கிய நிலையிலேயே 25 சுற்று போக வேண்டும். தொடை எரிந்தாலும் வேகம் குறையக் கூடாது. ஒன்றுக்குத் தயாரான உடம்பு மற்றதற்கு ஒத்துழைப்பது அபூர்வம். அந்த ஐந்து தூரங்களையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றவர் அவருக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அதிர்ஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது. 1977 முதல் 1979 வரை மூன்று ஆண்டுகளும் குறுந்தூரத்துக்கான உலக ஸ்பிரிண்ட் பட்டம், குறுந்தூரம் நெடுந்தூரம் இரண்டையும் சேர்த்துத் தரும் உலக ஆல்ரவுண்ட் பட்டம் இரண்டுமே அவரிடம்தான் இருந்தன.

இந்தப் பந்தயத்தில் இருவர் இருவராகத்தான் ஓடுவார்கள், நேரத்தை வைத்து முடிவு. லேக் பிளாசிடில் 500 மீட்டரில் அவருக்கு ஜோடியாக வந்தவர் முந்தைய ஒலிம்பிக்கில் அதே பந்தயத்தை வென்ற சோவியத் வீரர் குலிகோவ். அவரைத் தாண்டித்தான் முதல் தங்கம். 1500-ல் நடுவில் கால் வழுக்கி விழப் பார்த்தார். சமாளித்து அதையும் வென்றார். எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பந்தயம். முந்தின நாள் ஐஸ் ஹாக்கியில் அமெரிக்கா சோவியத் அணியை வீழ்த்திய ஆட்டத்தை அரங்கில் உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் காலை தூங்கிப்போய்த் தாமதமாக எழுந்து, அவசரமாகக் கொஞ்சம் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்தவர், 10,000 மீட்டர் உலகச் சாதனையை 6 விநாடிக்கும் மேல் குறைத்தார். அதுவும் கூரையில்லாத திறந்தவெளித் தளத்தில்!

அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்கா வாங்கிய தங்கம் மொத்தம் ஆறு. ஹாக்கித் தங்கத்தைத் தவிர மற்ற ஐந்தும் இவருடையவை.

அப்புறம் சைக்கிள் பந்தயத்துக்குப் போய் 1986-ல் டூர் டி பிரான்ஸிலும் ஓட்டினார். மருத்துவம் படித்து எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணரானார். பிற்பாடு அமெரிக்க ஸ்பீட் ஸ்கேட்டிங் அணியோடு ஒலிம்பிக்குக்கே திரும்பி வந்தார், அணியின் மருத்துவராக.