கடலடிக் குழாயில் ஹைட்ரேட் அடைப்பு: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: கடலடியில் 4 டிகிரி. தண்ணீர் 0 டிகிரியில்தானே உறையும்? பிறகு எரிவாயுக் குழாய் ஏன் அடைத்துக்கொள்கிறது?

பதில்: அடைப்பது பனிக்கட்டி அல்ல. நீர் மூலக்கூறுகள் கூடு கட்டி, எரிவாயுவின் முக்கியக் கூறான மீத்தேனை உள்ளே பூட்டிக்கொள்கின்றன. இந்தத் திண்மமே ஹைட்ரேட். 4 டிகிரியில் அதற்குச் சுமார் 39 பார் அழுத்தம் போதும். 10 டிகிரியில் 70 பார் வேண்டும். கடலடிக் குழாய்களில் இதெல்லாம் சர்வசாதாரணம். ஒரு துண்டைக் கையில் எடுத்தால் அழுக்குப் பனிபோல இருக்கும், சடசடவென்று பொரியும். தீக்குச்சியைக் காட்டினால் தண்ணீர் சொட்டச் சொட்ட எரியும்.

கேள்வி: வாயுவைத் தூய மீத்தேனாகவே வைத்துக் கணக்கிட்டேன். சரிதானே?

பதில்: இல்லை. 1 சதவீதம் புரொப்பேன் கலந்தாலே கூட்டின் வகை மாறி, தேவையான அழுத்தம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. வாயுவின் பகுப்பாய்வு அறிக்கை வந்த பிறகு கணக்கில் இறங்குங்கள்.

கேள்வி: ஹைட்ரேட்டைத் தடுக்கக் குழாயில் செலுத்தும் மெத்தனாலின் அளவைக் கையாலேயே கணக்கிட முடியுமா ஐயா?

பதில்: முடியும். ஹாமர்ஷ்மிட் என்ற ஆய்வாளர் தந்த சூத்திரம் இன்னும் உதவுகிறது. நீரில் மெத்தனால் எடையளவில் 25 சதவீதம் என்றால், சூத்திரத்தின் மாறிலியான 1297ஐ 25ஆல் பெருக்கி, வந்ததை 32 (மெத்தனாலின் மூலக்கூறு எடை) பெருக்கல் 75ஆல் (மீதி நீரின் சதவீதம்) வகுங்கள். 13.5 வரும். ஹைட்ரேட் உருவாகும் வெப்பநிலை அத்தனை டிகிரி இறங்கும். 25 சதவீதத்தைத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தை நம்பாதீர்கள். இன்னொன்று: செலுத்தும் மெத்தனாலில் ஒரு பங்கு வாயுவோடு ஆவியாகப் போய்விடும். அந்த இழப்பைச் சேர்க்க மறப்பவர்களே அதிகம்.

கேள்வி: எங்கள் குழாய் சமநிலைக் கோட்டை (எந்த அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் ஹைட்ரேட் உருவாகலாம் என்று காட்டும் எல்லைக்கோடு) தாண்டிவிட்டதாக மென்பொருள் காட்டியது. ஆனால் அடைப்பே வரவில்லை. மென்பொருள் தவறா?

பதில்: தவறில்லை. ஹைட்ரேட் உருவாக முடியுமா என்பதை மட்டுமே அந்தக் கோடு சொல்லும். எப்போது என்பது வேறு கதை. ஒரே சோதனையை ஒரே கலத்தில் திரும்பச் செய்தாலும் முதல் படிகம் தோன்றும் நேரம் வெகுவாக மாறும். அதனால் வாயு சீராக ஓடும்போது வரும் எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கிணற்றை மூடினால் குழாய் எத்தனை மணி நேரத்தில் ஆறி அந்தக் கோட்டைத் தொடும் என்பதே என் முதல் கேள்வி. அதற்குள் மெத்தனாலைச் செலுத்தி முடிக்க வேண்டும், அல்லது அழுத்தத்தை இறக்கியிருக்க வேண்டும். மூடிய குழாயை மறுபடி திறக்கும் வேளைதான் மிக ஆபத்தானது: குளிர்ந்து தேங்கிய நீரை வாயு கிளறிவிடுகிறது.

கேள்வி: அடைத்தே விட்டது. ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கட்டி பிடி விட்டதும் மறுபக்க அழுத்தம் அதைக் குண்டுபோல் தள்ளும். வளைவுகளும் வால்வுகளும் உடையும். இரு பக்கமும் சேர்த்து, மெதுவாக இறக்குங்கள். நடுவில் சூடுகாட்டுவதும் கூடாது. 1 கன மீட்டர் ஹைட்ரேட்டில் சுமார் 160 கன மீட்டர் வாயு அடங்கியிருக்கிறது; இரு முனையும் அடைத்திருக்க, அது போக வழியின்றிக் குழாயையே பிளந்துவிடும்.