பேத்தியின் பெயரில் ‘மகன்’ இருக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகளும் மருமகனும் குழந்தைக்கு மேடிசன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அர்த்தம் தேடினால் ‘இன்னாருடைய மகன்’ என்று வருகிறது. பெண் குழந்தைக்கு இப்படி ஒரு பெயரா? மனசு ஒப்பவில்லை. மாற்றச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் படித்தது சரிதான் அம்மா. மேடிசன் முதலில் இங்கிலாந்தில் குடும்பப் பெயராகத்தான் இருந்தது. ஆனால் யாருடைய மகன் என்று பாருங்கள். மத்தேயுவின் மகன் என்று சொல்வோர் உண்டு. மட்டில்டா என்ற பெண்ணின் மகன் என்றும் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். வலிமை, போர் என்ற இரண்டு பழைய ஜெர்மானியச் சொற்கள் சேர்ந்ததுதான் மட்டில்டா. 12-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரியணைக்காகப் போர் நடத்திய, அரசர் முதலாம் ஹென்றியின் மகளுக்கும் இதே பெயர்.

சரி, இது பெண் பெயரானது எப்படி? அமெரிக்காவின் நான்காவது அதிபர் ஜேம்ஸ் மேடிசன். அவர் பெயரில் நியூயார்க்கில் ஒரு சதுக்கம், அதை ஒட்டி மேடிசன் அவென்யூ. 1984-இல் வந்த ‘ஸ்பிளாஷ்’ படத்தில் கடல்கன்னி ஒருத்தி அந்தத் தெருவில் நடந்து போகிறாள். அவளுடைய சொந்தப் பெயரை அவள் உச்சரித்தாலே கடையில் இருக்கும் டிவிகளின் திரையெல்லாம் நொறுங்கும். வேறு பெயர் தேடும்போது தெருவின் பெயர் காதில் விழ, அதையே வைத்துக்கொள்கிறாள். அதெல்லாம் ஒரு பெயரா என்கிறான் காதலன். அப்போது அது உண்மைதான், பெண்களுக்கு அநேகமாக யாரும் வைத்ததில்லை. மறு வருடமே அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கும் ஆயிரம் பெயர்களில் மேடிசனும் நுழைந்துவிட்டது. 2001-இல் இரண்டாம் இடம்!

அதனால் பள்ளியில் உங்கள் பேத்தியை யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். இன்று அங்கே மேடிசன் என்றால் பெண் பிள்ளைதான்.

மாற்றச் சொல்ல வேண்டாம் அம்மா. பிள்ளை பெற்ற நேரத்தில் அந்தப் பேச்சு மகளை ரொம்பவே நோகடிக்கும். அந்தப் பெயர் ஏன் பிடித்தது என்று ஆசையாகக் கேளுங்கள், அவளே சொல்வாள். அங்கே நடுப்பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் உங்கள் மனதில் இருக்கும் தமிழ்ப் பெயரைத் தயங்காமல் சொல்லிப் பாருங்கள். பதிவு முடிந்திருந்தாலும் வீட்டில் நீங்கள் அந்தப் பெயரில் கூப்பிட எந்தத் தடையும் இல்லை.