ஓமுரைஸ் சாப்பிடப் போகிறீர்களா? கேள்வி பதில்

ஜப்பானில் ஓமுரைஸ் கடைக்குப் போவது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு: கோழித் துண்டும் வெங்காயமும் போட்டு, தக்காளி கெச்சப்பில் வதக்கிய சோறு. அதைப் போர்த்தி ஓர் ஆம்லெட். அதுதான் ஓமுரைஸ்.

கேள்வி: அண்ணா, வீடியோக்களில் கத்தியால் ஒரு கீறல் போட்டதும் ஆம்லெட் அப்படியே விரிந்து சோற்றை மூடுகிறதே, அது எந்தக் கடை? நேராகப் போனால் இடம் கிடைக்குமா?

கியோட்டோவில் பொந்தோச்சோ பக்கம் இருக்கும் கிச்சி கிச்சி. சமைப்பவர் யுகிமுரா மொதோகிச்சி. சின்னக் கடை. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவதால், இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பயணத் தேதி முடிவானதுமே அவர்கள் தளத்தைப் பாருங்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்து அவர் சட்டியை ஆட்டுவதைப் பார்ப்பதே தனி மகிழ்ச்சி. படம் எடுங்கள், ஆனால் தட்டு வந்த பிறகு போனைக் கீழே வைத்துவிடுங்கள். சோற்றின் சூட்டில் முட்டை தொடர்ந்து வெந்துகொண்டே இருக்கும், சில நிமிடங்களில் அந்த இளக்கம் போய்விடும்.

கேள்வி: ஒசாகாவில்தான் தங்குகிறோம். ஒரே ஒரு கடைக்குத்தான் நேரம் இருக்கிறது. எங்கே போகலாம்?

யோசிக்கவே வேண்டாம், ஷின்சைபாஷியில் இருக்கும் ஹொக்கியொகுசெய்க்குப் போங்கள். 1922-இல் வேறு பெயரில் தொடங்கிய கடை இது. வயிறு சரியில்லாத வாடிக்கையாளர் ஒருவர் தினமும் ஆம்லெட்டும் வெறும் சோறும் மட்டும் கேட்பாராம். பாவம், எத்தனை நாள்தான் ஒரே சாப்பாடு என்று உரிமையாளர் கிதாஹாஷி ஷிகெயோ, 1925-இல் கெச்சப் சோற்றை மெல்லிய முட்டைத் தோலில் சுருட்டிக் கொடுத்தார். கடை சொல்லும் கதை இதுதான்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பாய் விரித்த பழைய வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நமக்குப் பழகிய விஷயம்தான். முட்டி வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் மட்டும் உள்ளே நுழையும்போதே சொல்லிவிடுங்கள். முட்டை மெலிதாக, கிழிசல் இல்லாமல் இருக்கும். மேலே அவர்களுடைய தக்காளி சாஸ், ஓரத்தில் ஊறவைத்த இஞ்சி கொஞ்சம். அந்த இஞ்சியை ஒதுக்கிவிடாதீர்கள், கெச்சப்பின் தித்திப்புக்கு அதுதான் மாற்று.

வழிந்தோடும் ஆம்லெட்டைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். இந்தப் பழைய சுருட்டலை முதலில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. இதில் சோறும் முட்டையும் ஒவ்வொரு கரண்டியிலும் சேர்ந்தே வரும். மற்றதில் வெண்ணெயும் சாஸும் முன்னால் நிற்கும், சோற்றின் ருசி பின்னுக்குப் போய்விடும்.

கேள்வி: டோக்கியோ கின்சாவில் இருக்கும் ரெங்காதெய்தான் முதலில் கண்டுபிடித்தது என்று படித்தேனே, சார்?

அவர்களும் உரிமை கோருகிறார்கள். 1895-இல் தொடங்கிய கடை. 1900 வாக்கில் ஊழியர்கள் அவசரத்துக்குச் சாப்பிட, சோற்றை முட்டைக் கலவையிலேயே போட்டுக் கிளறிச் செய்தது அது. இரண்டும் வேறு வேறு பண்டங்கள், அதனால் சண்டை தேவையில்லை. டோக்கியோ போகிறவர்கள் நிஹோன்பாஷியில் தைமெய்கென் கடையையும் குறித்துக்கொள்ளுங்கள். விரியும் ஆம்லெட்டை அங்கே இயக்குநர் இதாமி ஜூசோவின் பெயரோடு சேர்த்து, ‘தம்போபோ ஓமுரைஸ்’ என்று பரிமாறுகிறார்கள். தம்போபோ என்பது 1985-இல் வந்த அவருடைய படத்தின் பெயர்.

கேள்வி: நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம். கோழி ஓமுரைஸ் என்று கேட்டால் போதுமா, அக்கா வீட்டுக் குழந்தைகளும் வருகிறார்கள்.

போதாது. உள்ளே கோழிதான் இருக்கும், ஆனால் மேலே ஊற்றும் பழுப்பு நிற டெமி கிளாஸ் சாஸ் பெரும்பாலும் மாட்டு எலும்பிலும் இறைச்சியிலும் காய்ச்சியது, ஒயினும் சேர்ப்பதுண்டு. சிவப்பு கெச்சப் மட்டும் போட்டதைக் கேளுங்கள். “கியூனிகு ஹாய்த்தெமாஸ் கா?” என்றால் மாட்டிறைச்சி இருக்கிறதா என்று அர்த்தம். முட்டை மட்டும் சாப்பிடும் சைவர்களுக்கு இன்னும் கடினம்: காளான் ஓமுரைஸ் என்று இருந்தாலும் சோற்றிலோ சாஸிலோ இறைச்சிச் சாறு இருக்கலாம். கேட்காமல் வாங்காதீர்கள்.

குழந்தைகளுக்கு பல கடைகளில் ‘ஒகோசாமா லஞ்ச்’ என்று தனித்தட்டு உண்டு. 1930-இல் மித்சுகோஷி பல்பொருள் அங்காடியின் உணவகத்தில் தொடங்கிய வழக்கம், சோற்றின் உச்சியில் குட்டிக் கொடி குத்தியிருக்கும்.

கேள்வி: அரைவேக்காட்டு முட்டை பயமாக இருக்கிறது.

ஜப்பானில் முட்டையின் மேல் போடும் தேதியே பச்சையாகச் சாப்பிடுவதைக் கணக்கில் வைத்துத்தான். முட்டைகளைக் கழுவிச் சுத்தம் செய்துதான் விற்கிறார்கள். ஆனாலும் கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் நன்றாக வெந்த மெல்லிய சுருட்டலையே எடுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: டிப்ஸ்?

வேண்டாம். வாசல் கல்லாவில் பில்லைக் கட்டிவிட்டு நன்றி சொன்னால் போதும்.

கேள்வி: வீட்டில் செய்தால் சோறு சொதசொதவென்று ஆகிறது. கடையில் மட்டும் எப்படி உதிரியாக வருகிறது?

கெச்சப்பைச் சோற்றின் மேல் ஊற்றுவதால்தான். கோழியும் வெங்காயமும் வதங்கியதும் முதலில் கெச்சப்பைச் சட்டியில் போட்டு, தண்ணீர் சுண்டி நிறம் கருக்கிற வரை வறுங்கள். புளிப்பும் அடங்கும். அப்புறம் சோறு. முட்டைக்குச் சின்ன நான்ஸ்டிக் சட்டி போதும், மெல்லிய தோலுக்கு இரண்டு முட்டை. வெண்ணெய் நுரைத்ததும் ஊற்றி, ஓரம் பிடித்து நடு இன்னும் ஈரமாக இருக்கும்போதே சோற்றை வைத்து மடித்துவிடுங்கள். முழுக்க வெந்தபின் மடித்தால் கிழிந்துவிடும்.